ஜப்பான் தோட்டமும் மார்கழி மாலையும்

திருச்சி ஜில்லாவில் அரிசி மில் வைத்திருந்தவர்களில் ஜப்பானுக்கு நேரில் போய், மெஷினைத் தொட்டுப் பார்த்து வாங்கி வந்த முதல் ஆள் நான்தான். இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள். ஜீயபுரத்துப் பக்கம் வாழைத்தோப்புகளில் தார் சுமந்து வளர்ந்தவன். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. ஐம்பதுகளின் தொடக்கத்தில் பாலக்கரையில் ஒரு ஓட்டுக் கொட்டகையில் நெல் அரைக்கும் ஒற்றை ஹல்லர் மெஷினைப் போட்டு ஆரம்பித்தேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் எனக்கென்று களம், கிடங்கு, புகைபோக்கி, வாசலில் கார் என்று எல்லாம் வந்துவிட்டது. எல்லாம் இந்தக் கைகள் செய்தவை.

ஜப்பானைப் பற்றி யாராவது கேட்டால் மெஷினைப் பற்றி மட்டும் விஸ்தாரமாகச் சொல்லி நிறுத்திக்கொள்வது என் வழக்கம். மீதியைச் சொன்னதில்லை. அந்த மீதிதான் இது.

மில்லில் இங்கிலீஷ் கடிதம் படிக்கவும் எழுதவும் எனக்கு ஒருவர் இருந்தார். திருவரங்கத்து வைணவர். குடுமி, நெற்றியில் திருமண், தோளில் ஒரு துண்டு. நான் அவரைச் சாமி என்பேன், அவர் என்னை ஓய் என்பார். முதலாளியை ஓய் என்று கூப்பிடுகிறாரே என்று மற்றவர்களுக்கு எரிச்சல். எனக்கு அது பிடித்திருந்தது. ஊரில் எல்லாரும் எனக்கு முன்னால் குனிந்து நின்ற காலத்தில் அவர் ஒருவர்தான் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவார்.

சாமிக்கு மில் வேலை இரண்டாவது வேலை. முதல் வேலை ஒரு பூந்தோட்டம். திருவரங்கத்தில், பெரிய கோயில் மதில்களுக்கெல்லாம் வெளியே, கொள்ளிடத்தைப் பார்த்த ஒரு சந்தின் கோடியில் சின்னதாக ஒரு பெருமாள் கோயில். நாலைந்து குடும்பத்துப் பெரியவர்கள் சேர்ந்து பார்த்துக்கொண்ட கோயில். அதற்கு ஒரு நந்தவனம். அந்த நந்தவனத்தில் பூப் பறித்து, மாலை கட்டி, காலைப் பூஜைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது சாமியின் குடும்பத்துக்குத் தலைமுறையாக வந்த கைங்கர்யம். அப்பாவுக்குக் கண் மங்க ஆரம்பித்த பிறகு சாமி செய்துவந்தார். பெண்டாட்டி பிள்ளைப்பேற்றிலேயே போய்விட்டாள். வீட்டில் அப்பாவும் சாமியும் மட்டும். விடியற்காலையில் குளித்து, ஈர வேட்டியோடு துளசியும் நந்தியாவட்டையும் பறித்து, மாலையைக் கொடுத்துவிட்டு, ஒன்பது மணிக்குப் பஸ் பிடித்து மில்லுக்கு வந்துவிடுவார். விரல் நுனியில் எப்போதும் துளசி வாசனை இருக்கும்.

ஜப்பான் மெஷினைப் பற்றி அப்போதுதான் பேச்சு வந்தது. ரப்பர் உருளை வைத்த மெஷின். நம் ஹல்லரில் அரைத்தால் நொய் நிறைய விழும். அதில் அரிசி முழுசாக வரும் என்றார்கள். அந்த மெஷின் கம்பெனியின் கல்கத்தா ஏஜெண்டு ஒருவர், நேரில் வந்து பார்ப்பவர்களுக்குக் கம்பெனியே அங்கே தங்க இடமும் சாப்பாடும் கொடுக்கும், இரண்டு பேர் வரலாம் என்று எழுதியிருந்தார். கடிதத்தைப் படித்துச் சொன்னவரே சாமிதான். படித்துவிட்டு மடித்து வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, நீங்க வரணும். எனக்கு அங்க போயி வாயத் தொறக்க முடியாது" என்றேன்.

"நான் கடல் தாண்டப்படாது ஓய். தாண்டினா அந்த மாலையைக் கையால தொட முடியாது. உமக்குத் தெரியாததா."

"அது அந்தக் காலம்."

"எங்காத்துல இன்னும் அந்தக் காலந்தான்."

அதோடு நான் விட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஆளைப் படிக்கத் தெரியும். புத்தகம் படிக்கத் தெரியாதவனுக்கு அது ஒன்றுதான் படிப்பு. முடியாது என்று சொன்னவர் மறுநாள், ஜப்பானில் கோயிலுக்குக் கோயில் தோட்டம் இருக்கிறதாமே, லைப்ரரியில் ஒரு புத்தகத்தில் படம் பார்த்தேன், ஒரு தோட்டம் முழுக்கப் பாசியாம் என்றார். அடுத்த நாள், அந்தப் பாசிக்குத் தண்ணீர் எப்படி விடுவார்கள் என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும். நாற்பத்தைந்து வயது வரை நாலு மதிலுக்குள் ஒரே தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு இன்னொரு தோட்டத்தைப் பார்க்க ஆசை. அந்த ஆசையைப் பிடித்துத்தான் நான் இழுத்தேன்.

ஒரு வாரம் கழித்து அவரே வந்தார். "ஒரு நிபந்தனை. நீர் ஜப்பான் போனதா ஊர்பூரா தமுக்கடிச்சுக்கோரும். யார் கேட்டாலும், நான் கல்கத்தாவோட நின்னுட்டேன். ஏஜெண்டோட இருந்து பேப்பர் வேலையெல்லாம் பாத்தேன். அப்படித்தான் அப்பாகிட்ட சொல்லியிருக்கேன். இது வெளில போச்சுன்னா எனக்குத் தோட்டம் போச்சு."

"பெருமாளுக்குத் தெரியாதா சாமி" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"பெருமாளுக்கு நான் சொல்லிக்கறேன். அப்பாவுக்குத்தான் சொல்ல முடியாது."

சத்தியம் செய்து கொடுத்தேன். பாஸ்போர்ட்டுக்கு மில் விலாசத்தைக் கொடுத்தோம். விசாரிக்க வந்த போலீஸ் ஏட்டு மில்லிலேயே காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். புரட்டாசி சனிக்கிழமைகள் முடிந்து ஐப்பசி பிறந்ததும் கல்கத்தா மெயிலுக்குப் புறப்பட்டோம். சாமி இல்லாத நாட்களுக்கு அவர் அப்பா, பெரியவரே தட்டுத் தடுமாறி மாலை கட்டுவதாக ஏற்பாடு.

விமானத்தில் சாமி ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. கீழே கடல் தெரிந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். நான் ஜன்னல் வழியாக நன்றாகப் பார்த்தேன். காசு கொடுத்து ஏறியிருக்கிறோம், பார்க்காமல் என்ன.

ஒசாகாவில் கம்பெனி ஆள் ஒருவர் எங்களை அழைத்துப் போனார். நல்ல மனிதர். கழுத்தில் எப்போதும் கேமரா. குனிந்து குனிந்து கும்பிட்டார், நாங்களும் குனிந்தோம். இரண்டு நாள் தொழிற்சாலை. மெஷினை நான் நின்ற இடத்திலேயே புரிந்துகொண்டேன். எஞ்சினியர் படம் போட்டுக் காட்ட வந்தார். நான் கையை நீட்டி உமியை எடுத்து ஊதிப் பார்த்துவிட்டு, உருளைக்கு இடையில் இடைவெளி அதிகம் என்று சாமியிடம் சொன்னேன். அவர் இங்கிலீஷில் சொன்னார். எஞ்சினியர் அளந்து பார்த்துவிட்டு எனக்கு ஒரு கும்பிடு போட்டார். இது நடந்த விஷயம். மூன்றாம் வகுப்புக்குப் போட்ட கும்பிடு.

சாப்பாட்டுக்குச் சாமி திருவரங்கத்திலிருந்தே ஏற்பாட்டோடு வந்திருந்தார். ஒரு ஜாடிப் புளிக்காய்ச்சல், அவல், அப்பளம், ஒரு சின்ன வெண்கலப் பானை. நாங்கள் தங்கின விடுதியில் பாய் விரித்த அறை, காகிதக் கதவு. விடுதிக்கார அம்மாள் கரி போட்ட மண்சட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள், குளிர் காய்ந்துகொள்ள. சாமி அதன்மேல் பானையை வைத்துச் சோறு வடித்துவிட்டார். அவள் கதவோரம் மண்டியிட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். அந்த ஊர் அரிசி ஒட்டும். குழைந்துபோய்க் கட்டியாக வரும்.

"உம்ம மெஷின்ல அரைச்சு வந்ததுதான். சாப்பிட்டுப் பாரும், புளியோதரையா, புளிக்களியான்னு."

"அரிசி முழுசா இருக்கா இல்லையா, அதச் சொல்லுங்க சாமி."

"முழுசாத்தான் போச்சு. பானைக்குள்ளதான் மனசு ஒடஞ்சுடுத்து."

நான் எல்லாவற்றையும் சாப்பிட்டேன். பச்சை மீனைக்கூட. கம்பெனி ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் முகம் சுளிக்காமல் விழுங்கினேன். வயிறு இரண்டு நாள் என்னோடு சண்டை போட்டது, அதை யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் கியோட்டோ. தோட்டம் பார்க்கவேண்டும் என்று சாமி கேட்டதை நான்தான் கம்பெனி ஆளிடம் என் ஆசையாகச் சொல்லச் சொன்னேன். முதலில் ஒரு கோயிலில் மணல் தோட்டம் காட்டினார்கள். செடி கிடையாது, பூ கிடையாது. வெள்ளை மணலைச் சீப்பால் வாரின மாதிரி கோடு கோடாக இழுத்துவைத்து, நடுநடுவே பாறை. ஜனங்கள் அதன் முன்னால் பலகைமேல் உட்கார்ந்து பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது என்ன சாமி பெரிசு. காவிரி மணல்ல ஆள விட்டா ஒரே நாள்ல இந்த மாதிரி நூறு போடுவேன்" என்றேன்.

"போடுவீர். அப்பறம் அதுல நெல்லைக் காயப்போடுவீர்."

சிரிப்பை அடக்க முடியவில்லை எனக்கு. யோசித்துப் பார்த்தால் என் களத்தில் பொம்பளை ஆட்கள் அவித்த நெல்லைக் காலால் தள்ளிக் கோடு போடுவது அச்சாக அதே மாதிரிதான் இருக்கும். அவர் சிரிக்கவில்லை. "பெருமாளுக்குப் போகாத தோட்டம். ஆனாலும் எவ்வளவு சுத்தமா வச்சிருக்கா பாரும்" என்றார்.

உள்ளே சந்நிதியில் பூச்சாடி இருந்தது. பூக்களின் முகத்தைப் புத்தர் பக்கம் திருப்பாமல் நம் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். சாமி அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மத்தியானம் ஒரு கோயிலில் சாப்பாடு. கம்பெனி ஆள் எங்கள் சாமி படும் பாட்டைப் பார்த்து அங்கே சொல்லி வைத்திருந்தார். மீன் இல்லை, முட்டை இல்லை, வெங்காயம் பூண்டு கூட இல்லை. சிவப்புப் பூச்சுப் போட்ட சின்னச் சின்ன மரக் கிண்ணங்கள். மொச்சையைப் போல ஒரு பயறிலிருந்து பால் எடுத்து, அதைத் தயிர்க்கட்டி மாதிரி உறையவைத்திருந்தார்கள். சாமி கேள்விமேல் கேள்வி கேட்டார், எண்ணெய் எது, சாற்றில் என்ன போட்டீர்கள் என்று. பதில் வந்து சேர்ந்ததும் சற்று நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். பிறகு எடுத்துச் சாப்பிட்டார். கோயில் தளிகையும் வீட்டுத் தளிகையும் தவிர வேறு கையால் சமைத்ததை அவர் வாயில் வைத்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"வெங்காயம், பூண்டு இவாளும் சேர்க்கறதில்லையாம் ஓய்" என்று இரண்டு தரம் சொன்னார். சொந்தக்காரர் வீட்டைத் தூர தேசத்தில் கண்டுபிடித்தவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

அடுத்தது பாசித் தோட்டம். அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தரை முழுக்க, மர வேர் முழுக்க, கல் முழுக்கப் பச்சை. நடக்கிற பாதை தவிர எங்கும் கால் வைக்கக் கூடாது. ஒரு கிழட்டுச் சந்நியாசி, மொட்டைத் தலை, குந்தி உட்கார்ந்து பாசியின் மேல் விழுந்த ஊசியிலைகளைக் கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். சாமி பாதை ஓரமாக உட்கார்ந்தார். எழுந்திருக்கவே இல்லை. அன்று கம்பெனிக்காரர்கள் எங்களுக்கு ஒரு தேநீர் விருந்து வைத்திருந்தார்கள். கிளம்பலாம் என்றேன்.

"நீர் போயிட்டு வாரும். நான் இவரோட இருக்கேன்."

"பாஷை தெரியாதே சாமி."

"செத்தை பொறுக்கறதுக்கு என்ன பாஷை."

நான் விருந்துக்குப் போய்விட்டு மூன்று மணி நேரம் கழித்து வந்தேன். சாமி கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, குடுமி அவிழ்ந்து தோளில் கிடக்க, அந்தச் சந்நியாசியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பாசிக்குள்ளிருந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்.  இரண்டு பேர் கைகளும் ஒரே மாதிரி போயின. கம்பெனி ஆள் என்னையும் பக்கத்தில் நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார்.

வெளியே வரும் வழியில் ஒரு மரம். இலைக்கடியில் பொடிப் பொடியாக மஞ்சளும் காவியும் கலந்த நிறத்தில் பூ. அதன் மணம் தெருவரைக்கும் வந்தது. தரையில் கொட்டிக் கிடந்தது. சாமி ஒரு கை அள்ளினார். அள்ளிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஓய், முகர்ந்து பாக்கலாமா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம்தான் விளங்கியது. பெருமாளுக்குப் போகிற பூவை முகரக் கூடாது. வாழ்நாள் முழுக்கப் பூப் பறித்தவர். தோட்டத்தில் பூத்ததெல்லாம் பெருமாளுக்கு. ஒரு பூவையாவது மூக்குக்குக் கொண்டுபோனவர் இல்லை அவர்.

"பாருங்க சாமி. இதை யாருக்குச் சாத்தப் போறாங்க" என்றேன்.

பூவோடு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். வெகு நேரம் கையை எடுக்கவில்லை. எடுத்தபோது கண்கள் நனைந்திருந்தன. பூவைத் திரும்ப மரத்தடியிலேயே போட்டார்.  நான் வாழ்க்கையில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ கொடுத்திருக்கிறேன். எவரும் எதையும் அப்படி வாங்கிக்கொண்டு பார்த்ததில்லை.

கார்த்திகை பிறப்பதற்கு முன் ஊர் திரும்பினோம். சாமி காவிரியில் மூழ்கிக் குளித்தார், பூணூல் மாற்றிக்கொண்டார், தனக்குத் தெரிந்த பிராயச்சித்தங்களைச் சத்தமில்லாமல் செய்துகொண்டார். மறுநாள் காலையிலிருந்து தோட்டம், மாலை, ஒன்பது மணிக்குப் பஸ். கம்பெனி ஆள் தபாலில் அனுப்பிய படங்கள் மில் விலாசத்துக்கு வந்தன. எல்லாப் படத்திலும் சாமி இருந்தார். அந்த விருந்தைத் தவிர அவர் இல்லாமல் நான் அங்கே எந்த இடத்துக்குப் போனேன். உறையோடு என் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். மார்கழி மாசம் முழுக்க அவர் இருட்டோடு எழுந்து மாலை கட்டினார். வைகுண்ட ஏகாதசிக்கு ஆளுயரத் துளசி மாலை. மறுநாள் துவாதசியில் துளசி பறிக்கக் கூடாது என்பதால் அதற்கும் சேர்த்து முதல் நாளே பறித்து வைத்ததாகச் சொன்னார். அப்போது அவர் முகத்தில் ஒரு பயமும் இல்லை. பெருமாளிடம் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

தை மாசம் மெஷின் வந்து இறங்கியது. சம்பா அறுப்பு நேரம். மில்காரர்கள், நெல் வியாபாரிகள் இருபது முப்பது பேரைக் கூப்பிட்டுப் பூஜை போட்டு, புது நெல்லை அரைத்துக் காட்டினேன். அரிசி முத்து முத்தாக விழுந்தது. எல்லாரும் கையில் அள்ளிப் பார்த்தார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அப்போது லால்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மில்காரர், எனக்கு முன்னாலேயே இந்தத் தொழிலில் இருந்தவர், காபியை ஆற்றிக்கொண்டே ஆரம்பித்தார்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. அண்ணன் ஜப்பான் போனேன்னு சொல்றதுதான் நமக்கு முழுங்க முடியல."

"ஏன், உங்க தொண்டைல என்ன அடைச்சிருக்கு?" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்க. இங்கிலீஷ்ல கையெழுத்தே அண்ணனுக்கு ஆள் பாத்துச் சொல்லணும். ஐயங்காரும் கல்கத்தாவோட நின்னுட்டாருங்கறாங்க. அப்ப தனியாப் போயி ஜப்பான்காரன்கிட்ட என்ன பாஷை பேசுனீங்க? அவரோட சேர்ந்து அண்ணனும் கல்கத்தாவுல ரசகுல்லா சாப்பிட்டுட்டு, ஏஜெண்டுகிட்ட மெஷினுக்குச் சொல்லிட்டு வந்துட்டாருன்னு ஊர்ல பேச்சு."

கொட்டகை முழுக்கச் சிரித்தது. நான் வேலைக்கு வைத்திருந்த ஆட்கள் கூட வாயைப் பொத்திக்கொண்டார்கள். சாமி அன்று ஏகாதசி என்று வரவில்லை. வந்திருந்தால் ஒரு பார்வையிலேயே என்னை உட்காரவைத்திருப்பார்.

நான் ஆபீஸ் அறைக்குப் போய் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். ஒன்றும் நினைக்கவில்லை. சாமியை மறந்தே போனேன் என்பதுதான் நிஜம். படத்தில் நான் இருப்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. மூன்று படத்தைக் கொண்டுவந்து அந்த ஆள் கையில் வைத்தேன். படங்கள் கைமாறிக் கைமாறிப் போயின. பாசித் தோட்டத்துப் படம்தான் எல்லாருக்கும் பிடித்தது. ஜப்பான் மொட்டையும் நம்ம ஊர்க் குடுமியும் பக்கத்தில் பக்கத்தில்.

"அட, நம்ம ஐயங்காரு. இவரும் போயிருக்காரா" என்று யாரோ சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. படங்களைப் பிடுங்கி வாங்கினேன். அதற்குள் எல்லாரும் பார்த்தாகிவிட்டது.

அவர்களில் ஒரு நெல் வியாபாரி சாமியின் தெருவிலேயே குடியிருந்தவர். கெட்ட எண்ணமே இல்லாத மனிதர். அன்று சாயங்காலமே பெரியவரைப் பார்த்து, "உங்க புள்ள ஜப்பான்காரன் கோயில்ல உக்காந்து தோட்ட வேலை பாத்த படத்தப் பாத்தேங்க, எனக்கே பெருமையா இருந்துச்சு" என்று மனசாரப் பாராட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

மறுநாள் விடிகிற நேரத்துக்கு நான் காரை எடுத்துக்கொண்டு திருவரங்கம் போனேன், வேறு யாராவது சொல்லிச் சாமி கேட்பதற்கு முன் நானே அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று. நான் சந்துக்குள் நுழைந்தபோது சாமி குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்துகொண்டிருந்தார், கையில் பூக்குடலை. நந்தவனத்துப் படல் கதவுக்கு முன்னால் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். அவரும் குளித்து ஈரத்தோடு. தை மாசத்துக் குளிரில் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.  கையை நீட்டினார். சாமி அந்தக் கையைப் பார்த்தார். குடலையைக் கொடுத்தார். பெரியவர் உள்ளே போய்ப் படலை இழுத்துச் சாத்திக்கொண்டார். இவ்வளவுதான் நடந்தது.

சாமி திரும்பினார், என்னைப் பார்த்தார். "வந்தீரா. பஸ்சுக்கு நேரம் இருக்கு. உம்ம கார்லயே வந்துடறேன்" என்றார். வழியெல்லாம் புது மெஷினுக்கு எண்ணெய் எத்தனை நாளைக்கு ஒரு முறை போடுவது என்றே பேசிக்கொண்டு வந்தார். நான் அழுதேனா என்று கேட்டால், ஆமாம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே.

பெரியவரைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். நான் ஒருவர் முன்னால் கை கட்டி நின்றது, மில் முதலாளியான பிறகு, அதுதான் ஒரே தடவை.

"பெரிய சாமி, தப்பு என்மேல. நான்தான் இழுத்துட்டுப் போனேன். எத்தனை பெரிய பரிகாரம்னாலும் சொல்லுங்க, நான் செய்யறேன்."

"உக்காருங்கோ. கடல் தாண்டினதுக்குப் பிராயச்சித்தம் சொல்லியிருக்கு. அது பெரிசில்லை" என்றார். கண் சரியாகத் தெரியாதவர், என் முகம் இருந்த பக்கத்தைக் கொஞ்சம் தப்பாகப் பார்த்தபடி பேசினார். "எங்கிட்ட கேட்டிருந்தான்னா, வாண்டாம்பேன். அவன் அதை மீறிப் போயிட்டு வந்து, போனேன்னு சொல்லி, வெளில நின்னிருப்பான். ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ. அப்பறம் பெரியவாளாச் சேர்ந்து உள்ளே விட்டிருப்பா. மார்கழி முப்பது நாளும் அந்தக் கையால பெருமாளுக்குத் திருமாலை போயிருக்கே. அதை என்ன பண்றது சொல்லுங்கோ. சாத்தினதைத் திரும்ப எடுத்துக்க முடியுமா?"

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். 

அந்த வீட்டில் அதற்குப் பிறகும் அப்பா சமைத்துப் பிள்ளைக்கு இலை போட்டார். பிள்ளை அப்பாவுக்குக் கால் பிடித்துவிட்டார். தோட்டத்தைப் பற்றி மட்டும் பேச்சில்லை. அந்த நந்தவனத்துக்குக் கிணறு மதிலுக்கு வெளியே சந்தில் இருந்தது. இறைத்து ஊற்றினால் மதிலில் இருந்த துவாரம் வழியாக வாய்க்காலில் உள்ளே போகும். சாமி தினமும் விடியற்காலையில் வெளியே நின்று தண்ணீர் இறைப்பார். பெரியவர் உள்ளே மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாகத் திருப்பிவிடுவார். போதும் என்றால் துவாரத்தைக் கல் வைத்து அடைப்பார். உள்ளே தண்ணீர் நின்றது தெரிந்ததும் சாமி கயிற்றைச் சுருட்டிவிட்டுப் பஸ்சுக்குப் போவார். நான் இரண்டு மூன்று தடவை நின்று பார்த்திருக்கிறேன். பார்க்க முடியாமல், ஒரு மோட்டார் பம்பு வைத்துத் தருகிறேன் என்று பெரியவரிடம் போய்ச் சொன்னேன்.

"வாண்டாம். பெருமாளுக்குத் தண்ணி எறைக்கறதுக்கு ஆள் இருக்கு" என்றார்.

இதைச் சாமியிடம் வந்து சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த கடிதத்தை அப்படியே வைத்துவிட்டு, "அப்படியா சொன்னார். அதே வார்த்தையா?" என்று கேட்டார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

மூன்று வருஷம் அப்படிப் போயிற்று. ஒரு ஆவணி மாசத்தில் பெரியவர் மாலையைக் கொடுத்துவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து சாமி மில்லுக்கு வந்த அன்று, கோயிலைப் பார்த்துக்கொண்ட பெரியவர்கள் இரண்டு பேர் பாலக்கரைக்கே தேடி வந்தார்கள். மில் ஆபீசில் என் எதிரில்தான் பேசினார்கள்.

"காலம் மாறிப்போச்சு. நம்ம தெருவுலயே ரெண்டு பேராத்துப் பிள்ளைகள் சீமைல இருக்கா. எங்களுக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. குடலை உங்காத்துலதான் இருக்கு. நாளையிலேர்ந்து நீரே எடுத்துக்கணும்" என்றார் ஒருவர்.

எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றுவிட்டேன். என் வாழ்க்கையில் எந்த மெஷின் வந்து இறங்கியபோதும் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. சாமி கைகூப்பினார். மரியாதையாக, மெதுவாகச் சொன்னார்.

"அடியேன் க்ஷமிக்கணும். குடலை ஆத்துல இருக்கு, வாஸ்தவம். வாங்கிண்டவர் திருப்பிக் குடுக்கலையே."

அவர்கள் எவ்வளவோ சொன்னார்கள். அவர் கூப்பின கையை எடுக்கவில்லை. கடைசியில் எழுந்து போனார்கள். அடுத்த தெருவில் ஒரு குடும்பத்துக்கு அந்தக் கைங்கர்யம் போயிற்று. குடலையைச் சாமியே துடைத்துக் கொண்டுபோய் அவர்கள் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு வந்தார்.

ஆனால் அதெல்லாம் அப்புறம். அன்று அவர்கள் போனபின் ஆபீசில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் சொன்னேன், "சாமி, என்னத் திட்டுங்க. ஒரு வார்த்தையாவது திட்டுங்க. இத்தனை வருஷமா ஒண்ணுமே சொல்லல நீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மெஷினைப் போய்ப் பாரும் ஓய். பெல்ட்டுச் சத்தம் வேற மாதிரி கேக்கறது."

நான் எழுந்து போனேன். மெஷின் பக்கத்தில் நின்று ரொம்ப நேரம் கேட்டேன். பெல்ட்டில் ஒரு கோளாறும் இல்லை.